கம்பி வழியும் காற்று வழியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

அச்சுப்பொறி என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது எது? ஜெராக்ஸ் கடைதான் அல்லவா? கட்டண ரசீது, தேர்வு நுழைவுச் சீட்டு, உதவித்தொகை விண்ணப்பம், ரெக்கார்டு நோட்டின் முகப்புத் தாள் என்று ஒரு மாணவர் ஓராண்டில் அக்கடைக்கு நடக்கும் நடை கொஞ்சமன்று. நகரத்தில் இருப்போர்க்கு அது நாலு எட்டு. எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். பேருந்தைத் தவறவிட்டால் கால்களே துணை.

இக்காரணத்தால்தான் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு பழைய அச்சுப்பொறியை விலைக்கு வாங்கினோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் என் அண்ணன், தாம் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அரசு லேப்டாப்பை எனக்கென்று விட்டுச் சென்றிருந்தார். அப்பாவின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இவ்விரண்டையும் வைத்தபோது, வீட்டிற்குள் ஒரு சிறிய அலுவலகமே வந்துவிட்டது போல் இருந்தது. அச்சுப்பொறி என்ற நல்ல தமிழ்ச் சொல்லையே கட்டுரை முழுவதும் ஆளவேண்டும் என்பது என் ஆசை. ஆயினும் எங்கள் தெருவில் அனைவருக்கும் அது பிரின்டர்தான். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ரௌட்டர் கிடையாது. இணைய இணைப்பு என்பது என் செல்போன்தான். ஆகவே செல்போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, பிரின்டரையும் லேப்டாப்பையும் அதனோடு வை-ஃபை மூலம் இணைத்து வைத்தேன். கம்பியே இல்லாமல் முதல் தாள் வெளிவந்தபோது அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு வந்தது அந்த நாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை தன் உதவித்தொகை விண்ணப்பத்தை மாலை நான்கு மணிக்குள் பள்ளியில் கொடுக்கவேண்டும். கோப்பை முதல்நாள் இரவே லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தோம். காலையில் நான் கல்லூரிக்குப் புறப்பட்டேன். என் செல்போனும் என்னோடு புறப்பட்டது. அதாவது, வீட்டின் வை-ஃபை முழுவதும் என் பைக்குள் ஏறிப் பேருந்தில் போய்விட்டது! இது எனக்குத் தோன்றவே இல்லை. பிற்பகலில் அம்மாவின் பட்டன் போனிலிருந்து தங்கை அழைத்தாள். “அக்கா, பேப்பர் வரவே மாட்டேங்குது” என்றாள். பெட்டியில் ஒரு கேபிள் கிடக்கிறது, அதைச் சொருகு என்றேன். சொருகினாள். மீண்டும் அனுப்பினாள். வரவில்லை. அணைத்துப் போட்டாள். நான்கு முறை அனுப்பினாள். ஒரு தாளும் வரவில்லை. கடைசியில் அவள் கடைக்கு நடந்து, வரிசையில் நின்று, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது அலுவலக அறை பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் வாங்கிக்கொண்டார்கள் என்பது அவளுடைய நல்ல காலம்.

அன்று மாலை நான் வீட்டிற்குள் நுழைந்து ஹாட்ஸ்பாட்டைப் போட்ட இரண்டாவது நிமிடத்தில், யாரும் தொடாமலேயே அந்தப் பிரின்டர் உறுமத் தொடங்கியது. அதே விண்ணப்பம், ஒன்றன்பின் ஒன்றாக, நான்கு பிரதிகள். தங்கை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இயலாது.

கேபிளைச் சொருகிய பிறகும் ஏன் தாள் வரவில்லை? இவ்வினாவுக்கு விடை கண்டால், வீட்டுப் பிரின்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதி தெரிந்துவிடும். நமக்குப் பிரின்டர் என்பது மேசைமேல் இருக்கும் ஒரு பெட்டி. கணினிக்கோ அது பெட்டி அன்று, ஒரு வழி. வை-ஃபையில் இணைத்தபோது கணினி ஒரு வழியைக் குறித்து வைத்து, அதற்கு ஒரு பெயரும் இட்டது. கேபிளைச் சொருகியதும் அது இரண்டாவது வழியைக் கண்டது. அதைப் புதியதொரு பிரின்டர் என்றே எண்ணி, அதே பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ என்று சேர்த்துப் பட்டியலில் எழுதிக்கொண்டது. பெட்டி ஒன்று, பெயர்கள் இரண்டு. தங்கை நான்கு முறையும் பழைய பெயரையே தேர்ந்தெடுத்திருக்கிறாள். அப்பெயரோ, போய்விட்ட வை-ஃபையின் பெயர். அனுப்பிய தாள்கள் எல்லாம் அந்த வழியின் வாசலிலேயே காத்திருந்து, நான் வந்ததும் உள்ளே நுழைந்தன. ஒரு வழியில் காத்திருக்கும் தாள், தானாகவே மறுவழிக்கு மாறிச் செல்லாது.

இவ்வாறு காத்திருக்கச் செய்யும் ஏற்பாட்டுக்கு ஸ்பூலர் என்று பெயர். இதைக் குறை சொல்வதற்கில்லை. கணினி ஒரு பக்கத்தை நொடியில் தயாரித்துவிடும்; மை தெளிக்கும் முனை இடமும் வலமுமாக நடந்து அதை எழுதி முடிக்கப் பல நொடிகள் ஆகும். இந்த இடைவெளியில் கணினி வேறு வேலை பார்க்க வேண்டுமாயின், தாள்களை ஓரிடத்தில் வரிசையாக அடுக்கி வைக்கத்தானே வேண்டும்? குறை என்னவெனில், வரிசை நகரவில்லை என்பதை அது நம்மிடம் உரக்கச் சொல்வதில்லை. ‘ஆஃப்லைன்’ என்ற ஒரு சொல்லைச் சாம்பல் நிறத்தில் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது.

இனி, இரு வழிகளையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

கம்பி வழியின் இன்றைய பெயர் யூ.எஸ்.பி. இதன் முதல் வடிவம் 1996-இல் வெளிவந்தது. அதற்கு முன்பு கணினியின் முதுகில் 25 துளைகள் கொண்ட அகன்ற வாய் ஒன்று பிரின்டருக்கென்றே இருந்தது. அதில் எட்டுக் கம்பிகளில் எட்டு பிட்டுகள் தோளோடு தோள் சேர்ந்து ஒரே நேரத்தில் செல்லும். யூ.எஸ்.பி.யிலோ பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. எட்டுப் பேர் சேர்ந்து நடப்பதைவிட ஒருவர் பின் ஒருவராகச் செல்வது எப்படி விரைவாகும் என்று ஐயம் எழலாம். எட்டுக் கம்பிகளிலும் குறிப்பலைகள் ஒரே கணத்தில் வந்து சேரவேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் வேகத்தை ஓர் எல்லைக்குமேல் கூட்ட முடியாது. ஓர் இணைக் கம்பியில் மட்டும் செலுத்தினால் அத்தொல்லை இல்லை. 2000-இல் வந்த யூ.எஸ்.பி. 2.0 நொடிக்கு 480 மெகாபிட் வரை செல்லக்கூடியது. அதன் கேபிளுக்குள் நான்கே கம்பிகள்: செய்திக்கு இரண்டு, 5 வோல்ட் மின்சாரத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. பிரின்டருக்கான கேபிளின் ஒரு முனை தட்டையாகவும் மறுமுனை ஏறத்தாழச் சதுரமாகவும் இருக்கும். நீளம் 5 மீட்டருக்குள் இருக்கவேண்டும். புதிய பிரின்டர் வாங்கினால் பெட்டிக்குள் பெரும்பாலும் இந்தக் கேபிள் இருப்பதில்லை. பல மாடல்களில் அதற்குரிய வாயை ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தும் இருப்பார்கள். வாய் இல்லை என்று முடிவு கட்டிவிடாமல் பின்புறத்தைத் தடவிப் பார்க்கவேண்டும்.

கேபிளைச் சொருகியதும் பிரின்டர், தன்னைத் தயாரித்தவர் எண்ணையும் தன் மாடல் எண்ணையும் கணினிக்குச் சொல்லும். அவற்றைக் கொண்டு கணினி உரிய டிரைவரைத் தேடும். டிரைவர் என்பது நாம் எழுதியதை அந்தப் பிரின்டரின் மொழியில் பெயர்த்துச் சொல்லும் மென்பொருள். இதனால்தான் பல கையேடுகளில், “மென்பொருள் கேட்கும் வரை கேபிளைச் சொருகாதீர்” என்று எழுதியிருக்கிறார்கள். முன்கூட்டிச் சொருகினால் கணினி தன்னிடமுள்ள ஏதோ ஒரு பொது டிரைவரைப் போட்டுவிடும். பிரின்ட் வரும், ஸ்கேன் வராது. கையேடு சொல்லும் வரிசையிலேயே செய்வது நல்லது.

காற்று வழி என்று தலைப்பிட்டது பேச்சு வழக்கை ஒட்டித்தான். மின்காந்த அலைகள் செல்லக் காற்றே தேவையில்லை என்பதை நான் மறந்துவிடவில்லை. எங்கள் துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க. வை-ஃபைக்கான முதல் தரநிலை 1997-இல் வந்தது. இன்று வீடுகளில் இருக்கும் வை-ஃபை பெரும்பாலும் இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் திசைவேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். முன்னதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், பின்னதன் அலைநீளம் 6 சென்டிமீட்டர் என வரும். வகுப்பில் எத்தனையோ முறை போட்ட இக்கணக்கு என் வீட்டுச் சுவருக்குள் ஓடுவது எனக்கு வியப்பாகவே இருந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது, ஆனால் சுவர்களைக் கடக்கையில் விரைவில் தளர்ந்துவிடும். 2.4 நிதானமானது, தொலைவு செல்லும்.

பிரின்டர் இணையவில்லை என்று பலர் தலையில் கை வைப்பதற்கு இதுவே பெருங்காரணம். விலை குறைந்த வீட்டுப் பிரின்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். செல்போன் ஹாட்ஸ்பாட் 5-இல் இருந்தால், பிரின்டரின் காதுக்கு அது இல்லவே இல்லை. செல்போனின் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் சென்று 2.4-க்கு மாற்றினால் அடுத்த கணமே பெயர் தென்படும். ஓர் இரவு முழுவதும் நான் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். பிழை கடவுச்சொல்லில் இல்லை, அலைநீளத்தில் இருந்தது.

திரை இல்லாத பிரின்டரிடம் வை-ஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எப்படிச் சொல்வது? அதிலுள்ள வயர்லெஸ் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுக்கும். அப்போது அது தானே ஒரு தற்காலிக வை-ஃபையை எழுப்பும். தயாரிப்பாளரின் செயலி அதைக் கண்டு உள்ளே சென்று, நம் வை-ஃபையின் விவரத்தைச் சொல்லிவிட்டு வரும். ரௌட்டர் உள்ள வீடுகளில், அதில் டபிள்யூ.பி.எஸ். என்ற பட்டன் இருந்தால் வேலை இன்னும் எளிது. அதை அழுத்தி, இரண்டு நிமிடங்களுக்குள் பிரின்டரின் பட்டனையும் அழுத்தினால் இரண்டும் தாமாகவே பேசி முடித்துக்கொள்ளும்.

இணைந்த பிறகு செய்யவேண்டிய முதல் வேலை, பிரின்டரின் விவரத் தாளை எடுத்துப் பார்ப்பது. எந்தப் பட்டனை அழுத்தினால் அது வரும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அத்தாளில் ஐ.பி. முகவரி என்று நான்கு எண்கள் இருக்கும். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் எல்லாம் நலம். 169.254 என்று தொடங்கினால், பிரின்டர் கேட்டும் யாரும் முகவரி கொடுக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்நிலையில் கணினியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. வை-ஃபை இணைப்பையே மீண்டும் தொடங்கவேண்டும்.

இம்முகவரி நிலையானது அன்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். வாடகை வீடு போல அது தவணைக்குக் கொடுக்கப்படுவது. பிரின்டரைச் சில நாள் அணைத்து வைத்தால், அதன் முகவரி வேறொரு செல்போனுக்குப் போய்விடலாம். கணினி பழைய வீட்டு வாசலிலேயே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். நேற்று ஓடியது இன்று ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவதன் மர்மம் பல வீடுகளில் இதுதான். ரௌட்டர் உள்ளவர்கள் அதன் அமைப்புப் பக்கத்தில், பிரின்டரின் மேக் எண்ணுக்கு இந்த முகவரிதான் என்று நிலையாக எழுதி வைக்கலாம். மேக் எண் என்பது அக்கருவியோடு பிறந்த 48 பிட் எண். விவரத் தாளிலேயே அதுவும் இருக்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் பொதுவாக இந்த வசதி இல்லை. அங்கே, “பிரின்டர் யார் இருக்கிறீர்கள்?” என்று கணினி வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி குரல் கொடுத்துப் பெயரால் கண்டுபிடிக்கும் முறையையே நம்பவேண்டும். பெரும்பாலும் அது போதும்.

வேகத்துக்காகக் கேபிள் வேண்டும் என்று சொல்வோர் உண்டு. என் கருத்தில் அது சரியன்று. ஒரு பக்கத்துக்குரிய செய்தி இரு வழிகளிலும் மை முனையின் வேகத்தைவிட விரைவாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. கேபிள் வேண்டியது வேகத்துக்கு அன்று. யாரையும் எதிர்பாராமல் இருப்பதற்கு. அதற்கு முகவரி இல்லை, கடவுச்சொல் இல்லை, என் செல்போனும் தேவையில்லை. வை-ஃபை வேண்டியது ஏன் எனில், இன்று தாள்கள் பிறப்பதே செல்போனில்தான். பட்டாவோ, சிட்டாவோ, மருத்துவப் பரிசோதனை முடிவோ, எங்கள் தெருவினர் கொண்டுவருவது எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த கோப்புகளே. ஆகவே இரண்டும் வேண்டும். இரண்டையும் அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நிறுவி வைக்கவேண்டும்.

லேப்டாப்பில் நான் செய்தது இதுதான். விண்டோஸ் அமைப்புகளில் ‘பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ என்ற பகுதிக்குச் சென்றேன். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பண்புகளுக்குள்ளும் நுழைந்து, ஒன்றுக்குக் ‘கேபிள்’ என்றும் மற்றதற்கு ‘வை-ஃபை’ என்றும் தமிழிலேயே பெயர் மாற்றினேன். பெயர்ப் பெட்டி தமிழை ஏற்றுக்கொண்டது. அதே பக்கத்தில், இயல்பான பிரின்டரை விண்டோஸே தேர்ந்தெடுக்கட்டும் என்ற ஒரு குறி இருக்கிறது. அதை எடுத்துவிட்டேன். அது இருந்தால், கடைசியாக எந்த வழியைப் பயன்படுத்தினோமோ அதையே அடுத்த முறையும் முன்னால் நிறுத்திவிடும். எங்களைக் கெடுத்ததில் அதற்கும் பங்குண்டு. ‘கேபிள்’ என்பதையே இயல்பாக வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு சோதனைத் தாள் எடுத்துப் பார்த்தேன். வை-ஃபையை அணைத்துவிட்டுக் கேபிளில் ஒன்று, கேபிளைப் பிடுங்கிவிட்டு வை-ஃபையில் ஒன்று. இரண்டும் இணைந்திருக்கும்போது சோதிப்பது சோதனை ஆகாது. எந்த வழியில் தாள் வந்தது என்று தெரியாமற் போய்விடும்.

எஞ்சியது செல்போன். ஐபோனில் 2010 முதலும், ஆண்ட்ராய்டில் 2017-இல் வந்த எட்டாம் பதிப்பு முதலும் பிரின்ட் எடுக்கும் வசதி உள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் செல்போனும் பிரின்டரும் ஒரே வை-ஃபையில் இருக்கவேண்டும். நான் கல்லூரியில் இருக்கும்போது அந்த வை-ஃபைக்கு எங்கே போவது? விடை பிரின்டருக்குள்ளேயே இருந்தது. வை-ஃபை டைரக்ட் என்ற ஏற்பாட்டின்படி, பிரின்டர் தானே ஒரு சிறு வை-ஃபையை எப்போதும் எழுப்பிக்கொண்டிருக்கும். அதன் பெயரும் கடவுச்சொல்லும் விவரத் தாளில் இருந்தும் நான் அதுவரை அவற்றைப் படிக்கவே இல்லை! வருவோர் தம் செல்போனை அதில் இணைத்து நேரே அச்சிடலாம். ரௌட்டரும் வேண்டாம், என் ஹாட்ஸ்பாட்டும் வேண்டாம். இதில் இணைந்தவுடன் ‘இன்டர்நெட் இல்லை’ என்று செல்போன் எச்சரிக்கும்; பரவாயில்லை என்று தொடரவேண்டும். கோப்பை முன்பே இறக்கிக்கொள்வது நல்லது. 12345678 போன்ற கடவுச்சொல் இருந்தால் அதை மாற்றிவிடுவதும் நல்லது; பிரின்டரின் முகவரியைப் பிரவுசரில் அடித்தால் திறக்கும் பக்கத்திலேயே அதைச் செய்யலாம்.

வரிசையில் தாள் சிக்கி நின்றால், மறுபடி மறுபடி அனுப்புவது வரிசையை நீட்டும் வேலையே. பட்டியலில் அப்பெயரைத் திறந்து, நிற்பவற்றை நீக்கவேண்டும். நீங்க மறுத்தால் விண்டோஸின் சர்வீசஸ் பகுதியில் ‘பிரின்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்தி மீண்டும் தொடங்கிவிட்டு நீக்கவேண்டும். தங்கை இதை ஒரு தாளில் எழுதிப் பிரின்டரின் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். தெருவினர் வந்தால் இப்போது அவளைத்தான் கேட்கிறார்கள்.

சென்ற மாதம் பட்டியலில் ‘காப்பி 1’ மறுபடியும் முளைத்திருந்தது. யாரும் எதையும் மாற்றவில்லை என்றார்கள். பிறகுதான் தெரிந்தது, வீட்டைப் பெருக்கும்போது கழன்ற கேபிளை அம்மா லேப்டாப்பின் வேறொரு துளையில் சொருகியிருக்கிறார். வாய் மாறினால் சில பிரின்டர்களைக் கணினி புதியதாகவே எண்ணிவிடும். பழைய துளைக்கே மாற்றினோம். இப்போது அந்தத் துளைக்குப் பக்கத்தில் தங்கையின் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. கேபிளின் முனையிலும் ஒன்று.